நீரில் நிற்கும் புற்கள்

பகாங் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து சென்றால், பெரா ஏரியை அடையலாம். தாசேக் பெரா என்று மலாய்மொழியில் வழங்கும் இந்த ஏரி, தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரியாகும். ஏரி என்றதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீர் பரந்து கிடக்கும் என்று எண்ணி வருவோர் சற்றே திகைப்பர். அங்கு நீரைவிடப் பசுமையே மிகுதி. ஆளுயரத்திற்கு வளர்ந்த பச்சைத் தண்டுகள் வரிசை வரிசையாய் நீரில் நிற்கின்றன. அவற்றின் அருகே தாழைப் புதர்கள் அடர்ந்திருக்கின்றன. இடையிடையே, பால் கலக்காத தேநீரைப் போன்ற கருமையான நீர் வழிந்தோடுகிறது.

இந்தப் பசுமையைப் பார்த்து, “ஏரி முழுவதும் புல் மண்டிவிட்டதே!” என்று வருந்துவோரும் உண்டு. ஆனால், அந்தப் புல்தான் ஏரியைக் காக்கிறது. நீரில் நிற்கும் புற்கள் எவ்வாறு வாழ்கின்றன, என்ன பணியாற்றுகின்றன, அவற்றை இழந்தால் என்ன நேரும் என்பவற்றை அறிந்தால், ஈரநிலத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

புல் என்பது எது?

பேச்சு வழக்கில், ஒல்லியாகவும் பச்சையாகவும் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் செடிகள் அனைத்தையும் புல் என்கிறோம். தமிழின் தொன்மையான இலக்கண நூலான தொல்காப்பியம் இதற்கு ஒரு வரையறை கூறுகிறது. வெளிப்புறம் உறுதியாக இருப்பது புல். உட்புறம் உறுதியாக இருப்பது மரம் என்று அதன் மரபியல் பகுதி பிரித்துக் காட்டுகிறது. இதன்படி மூங்கிலும் தென்னையும் பனையும்கூடப் புல்லினமே ஆகும். இன்றைய தாவரவியலும் இவை அனைத்தையும் ஒரு வித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும் பிரிவில் சேர்த்திருப்பது எண்ணத்தக்கது.

தாவரவியலாளர்கள் இப்பிரிவை மேலும் பல குடும்பங்களாகப் பகுக்கின்றனர். அவற்றுள் ஈரநிலங்களில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று, உண்மையான புற்களின் குடும்பம். நெல், கரும்பு, மூங்கில், நாணல் ஆகியன இதனைச் சேர்ந்தவை. மற்றொன்று, கோரைகளின் குடும்பம். தோட்டத்து மண்ணில் எவ்வளவு பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கும் கோரைக்கிழங்குச் செடி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய ஓர் எளிய வழி உண்டு. தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாகவும் கணுக்களுடனும் இருக்கும். கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி உள்ளீடற்றிருக்கும். கோரையின் தண்டோ பெரும்பாலும் மூன்று விளிம்புகளுடன் முக்கோணமாக இருக்கும். அதில் கணுக்கள் புலப்படா. ஆயினும், இயற்கை எந்த விதியையும் முழுமையாகப் பின்பற்றுவதில்லை. பெரா ஏரியில் மிகுதியாக வளரும் கோரையின் தண்டு முக்கோணமன்று, உருண்டையானது. அதனை மலாய்மொழியில் கெர்ச்சுட் என்பர்.

காற்றில்லா மண்ணில் வேர்கள்

தொட்டியில் வளரும் ரோஜாச் செடிக்கு அளவுக்கு மீறி நீர் ஊற்றினால், அது சில நாள்களில் வாடிவிடும். நீர் மிகுந்தும் செடி வாடுவது ஏன்? செடியின் வேர்களும் சுவாசிக்கின்றன. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அவை உயிர்வளியைப் பெறுகின்றன. மண்ணில் நீர் தேங்கும்போது அந்த இடைவெளிகள் அடைபடுகின்றன. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எஞ்சியிருக்கும் உயிர்வளியையும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் விரைவில் பயன்படுத்திவிடுகின்றன. அதனால் வேர்கள் மூச்சுத்திணறி அழுகுகின்றன.

ஈரநிலப் புற்கள் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைத் தம் உடலிலேயே கொண்டுள்ளன. அவற்றின் இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் உள்ளே நீண்ட காற்றறைகள் உள்ளன. கடலில் முக்குளிப்பவர் வாயில் பொருத்திக்கொள்ளும் குழாயைப் போல, இந்தக் காற்றறைகள் நீருக்கு மேலுள்ள காற்றை நீருக்கு அடியிலுள்ள வேர்வரை கொண்டு செல்கின்றன. நெற்பயிரின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், இத்தகைய துளைகளைக் காணலாம்.

வேருக்கு வரும் உயிர்வளியில் ஒரு பகுதி வெளியே கசிந்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் கலக்கிறது. இந்தக் கசிவு வீணன்று. நீர் தேங்கிய மண்ணில் இரும்புச் சத்து கரைந்து வேருக்கு நஞ்சாக மாறக்கூடும். கசியும் உயிர்வளி அந்த இரும்பைத் துருவாக மாற்றி, வேருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. சேற்றிலிருந்து பிடுங்கிய நெற்பயிரின் வேர்களில் செம்பழுப்பு நிறப் படலம் படிந்திருப்பதற்கு இதுவே காரணம். 

வெள்ளம் தலைக்கு மேல் போனால் புல் என்ன செய்யும்? நெல்லின் வகைகள் இதற்கு இருவேறு வழிகளைக் காட்டுகின்றன. ஆழ்நீர் நெல் என்னும் வகை, நீர் உயர உயரத் தானும் விரைந்து வளர்கிறது. ஒரே நாளில் 20 முதல் 25 செண்டிமீட்டர் வரை அது நீளக்கூடும். வேறு சில வகைகளோ நீரில் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சேமித்து வைத்த ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. இரண்டு வாரம் வரை இவ்வாறு தாக்குப்பிடித்து, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தழைக்கின்றன. 

ஆழத்திற்கேற்ற இடம்

ஈரநிலத்தின் கரையில் நின்று உற்றுநோக்கினால், புற்கள் தாறுமாறாக முளைக்கவில்லை என்பது புலப்படும். நீரின் ஆழத்திற்கேற்ப ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றிருக்கிறது.

ஈரமான கரையோரத்தில் தாழ்வாகப் படரும் புற்களும் சிறு கோரைகளும் வளர்கின்றன. மழைக்காலத்தில் நீரில் மூழ்கி, வறண்ட காலத்தில் வெயிலில் காயும் இடம் இது. முழங்கால் அளவு நீரில் மெனெரோங் என்னும் பெருங்கோரை நிற்கிறது. இதன் முக்கோணத் தண்டு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம்வரை வளரும். சேறும் சத்தும் நிறைந்த ஆற்றோரங்களில் நாணல் கூட்டமாக வளர்ந்து, வெள்ளிநிறப் பூங்கொத்துகளைக் காற்றில் அசைக்கிறது. கும்பாய் என்னும் புல்லின் தண்டில் வெண்மையான பஞ்சு போன்ற பகுதி இருப்பதால், அது நீரின்மேல் மிதந்து பரவுகிறது.

ஆழம் மட்டுமன்றி, நீரின் தன்மையும் எந்தப் புல் எங்கு வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெரா ஏரியின் கருமைக்குக் காரணம் அழுக்கன்று. சதுப்புக் காட்டில் உதிரும் இலைகளிலிருந்து இறங்கும் சாயமே நீரைக் கருமையாக்குகிறது. இந்நீர் புளிப்புத்தன்மை உடையது. இதில் ஊட்டச்சத்தும் குறைவு. பல தாவரங்கள் இங்கே வாழ இயலாமல் விலகிக்கொள்ள, கெர்ச்சுட் கோரை மட்டும் பெருங்கூட்டமாக வளர்கிறது.

கெர்ச்சுட்டின் அமைப்பு விந்தையானது. அதற்கு விரிந்த இலைகள் இல்லை. இலைகள் அடியில் வெறும் உறைகளாகச் சுருங்கிவிட்டன. பச்சைத் தண்டே ஒளிச்சேர்க்கை செய்கிறது. உள்ளீடற்ற அத்தண்டினுள்ளே, குறுக்கே மெல்லிய தடுப்புகள் பல அமைந்துள்ளன. தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கமாகச் செம்பழுப்பு நிறப் பூக்கதிர் தோன்றும். சேற்றின் அடியில் அதன் மட்டத்தண்டு கிடையாக ஊர்ந்து, வரிசையாகப் புதிய தண்டுகளை மேலே அனுப்புகிறது. ஏரியில் காணும் நூற்றுக்கணக்கான தண்டுகள், உண்மையில் ஒரே செடியின் கிளைகளாகவும் இருக்கலாம்.

ஊதியம் பெறாத உழைப்பாளிகள்

ஈரநிலப் புற்கள் ஆற்றும் பணிகளை மூன்றாகக் கூறலாம். முதலாவது, அவை உயிர்களுக்கு உறைவிடமாகின்றன. நெருங்கி நிற்கும் தண்டுகளுக்கிடையே பெரிய மீன்களால் எளிதில் நுழைய முடிவதில்லை. அதனால், அங்கு மீன்குஞ்சுகள் பாதுகாப்பாக வளர்கின்றன. கெலிசா எனப்படும் அரிய அரோவனா மீன் வாழும் நீர்நிலைகளுள் பெரா ஏரியும் ஒன்று. தூக்கணாங்குருவி புல்லின் நீண்ட இலைகளைக் கிழித்து நாராக்கிக் கூடு பின்னுகிறது. கொக்கும் நாரையும் புல்லின் மறைவில் நின்று இரை தேடுகின்றன.

இரண்டாவது, அவை கரியைச் சேமிக்கின்றன. காற்றில்லாத சேற்றில் விழும் தண்டுகளும் இலைகளும் முழுமையாக மட்குவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கரிசேர்ந்த சதுப்பு மண்ணாக மாறுகின்றன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே இத்தகைய மண்ணாகும். எனினும், உலக மண்ணில் அடங்கியுள்ள கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதில்தான் உள்ளது. இந்நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால், காய்ந்த மண் எளிதில் தீப்பற்றும். தீ மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்த கடும் புகைமூட்டத்திற்கு, வட்டாரத்தின் சதுப்பு நிலங்கள் எரிந்தது ஒரு முக்கியக் காரணமாகும்.

மூன்றாவது, அவை நீரைத் தூய்மைப்படுத்துகின்றன. இதனை நேரில் காணப் புத்ராஜெயாவுக்குச் செல்லலாம். நாட்டின் நிர்வாகத் தலைநகரை வடிவமைத்தவர்கள், நகரின் நடுவே ஒரு பெரிய ஏரியை உருவாக்கத் திட்டமிட்டனர். அதில் சேரும் ஆற்றுநீரோ மேற்பகுதியிலுள்ள தோட்டங்களையும் குடியிருப்புகளையும் கடந்து, மண்ணும் உரமும் கலந்து வந்தது. அதனைத் தூய்மைப்படுத்த, ஏரிக்கு முன்னே செயற்கையாக ஓர் ஈரநிலம் அமைக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் நிறைவடைந்த அந்த ஈரநிலம் 24 பகுதிகளைக் கொண்டது. அங்கு இலட்சக்கணக்கில் நடப்பட்ட தாவரங்களுள் நாணலும் கெர்ச்சுட் கோரையும் முதன்மையானவை.

புல் எவ்வாறு நீரைத் தூய்மையாக்குகிறது? தண்டுகள் நீரோட்டத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் குறைந்ததும் நீரில் மிதந்து வந்த மண் அடியில் படிகிறது. தண்டுகளின்மீது வழவழப்பான படலமாகப் படிந்து வாழும் நுண்ணுயிரிகள் கழிவுகளைச் சிதைக்கின்றன. வேரைச் சுற்றி உயிர்வளி கசியும் இடத்தில் ஒருவகை நுண்ணுயிரிகளும், அதற்குச் சற்றுத் தள்ளி உயிர்வளியே இல்லாத இடத்தில் வேறுவகை நுண்ணுயிரிகளும் வாழ்கின்றன. இவ்விருவகையும் அடுத்தடுத்துச் செயல்பட்டு, உரத்திலுள்ள தழைச்சத்தை வளியாக மாற்றிக் காற்றில் கலக்கச் செய்கின்றன. மணிச்சத்தின் ஒரு பகுதியைப் புற்களே உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான், முதிர்ந்த புற்களை அவ்வப்போது அறுத்து அகற்ற வேண்டியுள்ளது. அறுக்காமல் விட்டால், அவை மடிந்து அழுகும்போது உறிஞ்சிய சத்து மீண்டும் நீரிலேயே கலந்துவிடும்.

கோரையும் கைவினையும்

அறுத்த கோரையை வீணாக்காத மக்கள் ஆசியாவெங்கும் உள்ளனர். தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள பத்தமடை, கோரைப் பாய்க்குப் புகழ்பெற்ற ஊர். அங்கு நெசவாளர்கள் கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுத்துணிபோல மடித்து வைக்கக்கூடிய பாய்களை நெய்கின்றனர்.

கெர்ச்சுட் கோரையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள தாலே நோய் ஏரியின் கரையில் வாழும் மக்கள், இக்கோரையை அறுத்துச் சேற்று நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துகின்றனர். பின்னர், அதனைத் தட்டையாகும்படி நசுக்கிப் பாய்களும் பைகளும் முடைகின்றனர். வியட்நாமில் இதன் உள்ளீடற்ற தண்டை வெட்டி, நெகிழிக்கு மாற்றாக உறிஞ்சுகுழாய் செய்கின்றனர். பெரா ஏரியைச் சூழ்ந்து வாழும் செமெலாய்ப் பூர்வக்குடி மக்களும் தலைமுறை தலைமுறையாக ஏரியில் மீன் பிடித்தும், சதுப்புத் தாவரங்களைக் கொண்டு பாயும் கூடையும் முடைந்தும் வாழ்ந்து வந்துள்ளனர். எந்தத் தண்டு முதிர்ந்தது, எந்த மாதத்தில் நீர் ஏறும், மீன் எங்கே முட்டையிடும் என்பன அவர்களுக்கு ஏட்டறிவல்ல, வாழ்வறிவு. ஏரி சுருங்கினால், அந்த அறிவும் சேர்ந்தே சுருங்கும்.

வயலிலும் ஒரு போட்டி

ஈரநிலப் புற்களுள் மனிதனுக்கு மிக நெருங்கியது நெல். கெடாவிலும் சிலாங்கூரிலும் காணும் நெல்வயல்கள், ஒரே ஒரு புல்லுக்காக மனிதன் உருவாக்கிய ஈரநிலங்களே. ஆனால், வயலில் நெல் மட்டும் தனித்து வளர்வதில்லை. அதைப் போன்றே தோற்றமளிக்கும் பிற புற்களும் அங்கே இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன.

அவற்றுள் விவசாயிகளை மிகவும் வாட்டுவது பாடி அங்கின் எனப்படும் களைநெல். இது 1988ஆம் ஆண்டில் சிலாங்கூரின் செக்கிஞ்சான் வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இளம்பருவத்தில் இதனை நெல்லிலிருந்து வேறுபடுத்துவது கடினம். இதன் மணிகள் அறுவடைக்கு முன்பே காற்றில் உதிர்ந்து மண்ணில் புதைந்துவிடும். அடுத்த பருவத்தில் அவையே முளைத்து, நெல்லுக்குரிய சத்தையும் ஒளியையும் பங்கு போடும். முன்பு நாற்று நட்டபோது, தேங்கி நிற்கும் நீர் பெரும்பாலான களைகளை முளைக்கவிடாமல் தடுத்தது. ஆள் பற்றாக்குறையால் 1980களில் நேரடி விதைப்பு பரவலானது. விதை முளைப்பதற்காக வயல்நீரை வடித்ததும், களைநெல்லுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நீரின் அளவு சற்றே மாறினாலும், எந்தப் புல் வெல்லும் என்பதும் மாறிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

நீர்மட்டம் மாறினால்

பெரா ஏரிக்கு வடகிழக்கே சினி ஏரி உள்ளது. வறண்ட காலத்தில் அதன் நீர் வற்றாமல் இருப்பதற்காக, 1995ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியேறும் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. ஏரியில் எப்போதும் நீர் இருப்பது நன்மைதானே என்று தோன்றலாம். ஆனால், அந்த ஏரியின் உயிர்கள் நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பழகியவை. மட்டம் இறங்காமலே நின்றதால், கரையோர மரங்கள் பல மடிந்தன. ஈரநிலத்திற்கு நீர் மட்டும் போதாது. நீரின் ஏற்றமும் இறக்கமும் வேண்டும் என்னும் பாடத்தை அந்த மரங்கள் உணர்த்தின.

இதற்கு மாறாக, நீரை வடித்தாலும் தீங்கே. கால்வாய் வெட்டியதும் மண் காய்கிறது, தீ பரவுகிறது. சதுப்புக் காடு எரிந்த இடங்களில் கோரையும் பெரணிகளும் முதலில் முளைத்துப் பரவுவதுண்டு. எனவே, புல் பெருகுவது எப்போதும் நற்செய்தி அன்று. சில இடங்களில் அது நலத்தின் அடையாளம். சில இடங்களில் அது காயத்தின் தழும்பு. எந்தப் புல், எங்கே, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அறிந்தவருக்கே அதன் பொருள் விளங்கும்.

ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தில் இடும் உரமும் கவலைக்குரியது. சத்துக் குறைந்த கருநீருக்குப் பழகிய கெர்ச்சுட்டுக்கு அந்த உரம் தேவையில்லை. உரம் கலந்த நீர் ஏரியில் சேர்ந்தால், விரைந்து வளரும் வேறு தாவரங்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

நட்டதும் நடாததும்

ஈரநிலங்களைக் காப்பதற்கான அனைத்துலக ஒப்பந்தம் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் கையெழுத்தானது. 1994ஆம் ஆண்டில் அவ்வொப்பந்தத்தில் மலேசியா இணைந்தபோது, அதன்கீழ் நாட்டின் முதல் ஈரநிலமாகப் பதிவு செய்யப்பட்டது பெரா ஏரியே. ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள் உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது.

புத்ராஜெயாவில் நாணலையும் கோரையையும் ஒவ்வொன்றாக நட்டு வளர்ப்பதற்குப் பெரும்பொருளும் உழைப்பும் தேவைப்பட்டன. பராமரிப்பதற்கு இன்றும் ஆள்கள் தேவை. பெரா ஏரியிலோ அதே பணியை அதே கோரை, யாரும் நடாமல், யாரிடமும் ஊதியம் கேளாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வருகிறது. ஓரிடத்தில் இப்புல்லைப் பயனற்றது என்று அழித்துவிட்டு, மற்றோரிடத்தில் செலவு செய்து நடுவது அறிவுடைமை ஆகாது.

அடுத்த முறை ஒரு குளக்கரையிலோ வயலோரத்திலோ நீரில் நிற்கும் புல்லைக் கண்டால், அதன் தண்டை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்க்கலாம். உருண்டையா, முக்கோணமா என்று அறிவது முதற்படி. அதன் பெயரைக் கேட்டறிவது இரண்டாம் படி. பெயர் தெரிந்த ஒன்றை வெறும் புல் என்று ஒதுக்குவது எளிதன்று.